கோபுரத்தில் விளக்குப் போட்டதும்

இல்லை, நான் விழவில்லை. துடுப்புதான் விழுந்தது.

ஸ்ரீவில்லிபுத்தூர் கண்மாய் மழையில் நிறைந்து கிடக்கிறது. மதினி எனக்குப் படகு ஓட்டப் பழக்குகிறாள். கடற்கரை ஊரிலிருந்து அண்ணனுக்கு வாக்கப்பட்டு வந்தவள். என் வயதுதான். இன்று ஒழுங்காக ஓட்டினால் நாளை தனியாக விடுவதாகச் சொல்லியிருந்தாள். ஒரு முறையாவது அந்த நீரில் தனியாக இருக்க வேண்டும் எனக்கு.

போகும் பக்கம் முதுகைக் காட்டி உட்கார்ந்து துடுப்புப் போடுகிறவளுக்குப் போகும் திசை தெரியாது. விட்டு வந்த கரைதான் தெரியும். அதனால் கோபுரத்தைக் குறியாக வைத்துக்கொண்டேன். அது விலகாமல் இருந்தால் படகு நேராகப் போகிறது.

நீரின் சத்தம். கோபுரம். உலகத்தில் வேறு எதுவும் இல்லை என்று தோன்றியது.

அப்போது கோபுரத்தில் விளக்குப் போட்டார்கள்.

"ஏட்டி, என்னத்தப் பாத்துக் கும்பிடுத?" என்றாள் எதிரே இருந்த மதினி.

கோயிலுக்கே போகாத என் இரண்டு கைகளும் நெஞ்சருகே குவிந்திருந்தன. ஒரு துடுப்பு நழுவி மிதந்தது. பிடிக்க எழுந்தேன். படகு சாய்ந்தது.

"எந்திரிக்காத! உக்காந்துட்டே ஒத்தத் துடுப்பால திருப்பு."

திருப்பினேன். கோபுரம் மெல்ல என்னைச் சுற்றி வந்தது. மிதந்த துடுப்பு கைக்கு எட்டியதும் எடுத்தேன்.

"நாளைக்குத் தனியா விடுவீங்களா மதினி?"

கரையில் இறங்கிப் படகை இழுத்தபடி மதினி சொன்னாள்:

"விடுதேன். வெளக்குப் போடுததுக்கு முன்ன கரையேறிரணும்."

உங்கள் கைகள் உங்களைக் கேட்காமல் என்னவெல்லாம் செய்கின்றன? நம் தெரு அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கும் இந்தத் தாளின் கீழே இடம் விட்டிருக்கிறேன், எழுதுங்கள்.

வீட்டுக்குக் கிளம்பும் முன், இரண்டு துடுப்புகளையும் கயிறு போட்டுப் படகோடு கட்டினேன்.