மாப்பிள்ளையின் நெஞ்சுப் படம்

கடற்படையில் எஞ்சின் அறையிலேயே இளமையைக் கழித்ததால் அவருக்குப் பாய்லர் என்று பெயர். ஓய்வு பெற்ற பிறகும் பெயர் போகவில்லை, தொண்டையும் அடங்கவில்லை. எஞ்சின் இரைச்சலுக்கு மேல் கத்திப் பழகியவர், சாப்பாட்டு மேசையில் உப்பு கேட்டால் எதிர்வீட்டுக்காரர் திரும்பிப் பார்ப்பார்.

அவர் தங்கையின் கணவர் அதே கப்பலில் சமையல்காரராக இருந்தவர். ஒரே வீட்டில் பாய்லர் கீழ்த்தளம், தங்கை குடும்பம் மாடி. "நாங்க நெருப்புல வெந்தோம். நீ உருளைக்கிழங்கு வேகவெச்ச" என்று மாப்பிள்ளையை மட்டம் தட்டாமல் பாய்லருக்குச் சோறு இறங்காது. சமையல்காரர் வாயே திறக்கமாட்டார். திறந்தால் சாப்பிடத்தான்.

பழைய கப்பல்களில் இருந்தவர்கள் நெஞ்சை எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்ப்பது நல்லது என்று முன்னாள் வீரர் சங்கத்தில் சொன்னார்கள். நீராவிக் குழாய்களில் சுற்றியிருந்த ஆஸ்பெஸ்டாஸ் பஞ்சின் தூசி நுரையீரலுக்குள் போய், பல வருஷம் கழித்துத்தான் வேலையைக் காட்டுமாம். பட்ட பாட்டுக்கு இன்றைக்காவது ஒரு மரியாதை கிடைக்கும் என்று பாய்லர் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு கிளம்பினார். துணைக்கு மாப்பிள்ளை.

"அண்ணே, அவருக்கும் ஒரு படம் எடுத்துடு. படி ஏறினா மூச்சு வாங்குது" என்றாள் தங்கை.

"அது தொப்பைம்மா."

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா இரண்டு படங்களையும் வெளிச்சத்தில் மாட்டிப் பார்த்தார். "உங்களுக்கு ஒண்ணுமில்ல சார். சுத்தமா இருக்கு."

பாய்லருக்கு முகம் தொங்கிப்போயிற்று. "நல்லாப் பாருங்க டாக்டர்! அந்தப் பஞ்சை இந்தக் கையாலயே பிய்ச்சிருக்கேன்."

"சில பேருக்கு அதிர்ஷ்டம். ஆனா இவருக்கு நுரையீரல்ல தழும்பு விழுந்திருக்கு."

"படம் மாறியிருக்கும்!"

"மாறல." டாக்டரம்மா சமையல்காரரிடம் கேட்டார். "கப்பல்ல எங்க படுப்பீங்க?"

"குழாய்க்கு நேர் கீழம்மா. பீரங்கி சுட்டா அதிர்ந்து வெள்ளையா மேல கொட்டும். மாவுன்னு நெனச்சேன்."

"குழாய்ல ஏன்யா மாவு வரும்?" என்று பாய்லர் பாய்ந்தார்.

"நாள் முழுக்க மாவுலயே நிக்கிறவன் வேற என்னத்த நெனப்பேன், மச்சான்?"

தன் நெஞ்சில் குத்த வேண்டிய பதக்கத்தை மாப்பிள்ளை தட்டிக்கொண்டு போனதுபோல் பாய்லர் உர்ரென்று உட்கார்ந்திருந்தார். பிறகு தங்கையின் ஞாபகம் வந்தது. டாக்டரம்மா பக்கம் குனிந்து ரகசியமாகக் கேட்டார்.

"இவன் பொழைச்சுக்குவானா?"

அவருடைய ரகசியம் வெளியே வரிசையில் இருந்தவர்கள் அத்தனை பேர் காதிலும் விழுந்தது. ஒரு கிழவி, பாவம், கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"பயப்படாதீங்க. தழும்பு போகாது, ஆனா இப்போதைக்கு ஆபத்து இல்ல. சிகரெட்டை விடணும். வருஷா வருஷம் வந்து காட்டணும். அதிகமா மூச்சு வாங்குற வேலை வேண்டாம்."

வாசலிலேயே மாப்பிள்ளையின் பையில் கைவிட்டு சிகரெட்டைப் பறித்துக் குப்பைத்தொட்டியில் எறிந்தார் பாய்லர். வீட்டுக்கு வந்ததும் தன் கட்டிலைக் கழற்ற ஆரம்பித்தார்.

"என்னண்ணே பண்ற?"

"நான் மாடிக்குப் போறேன். நீங்க கீழ வாங்க. இங்க கொசு."

"இத்தனை வருஷமா இல்லாத கொசுவா?" என்றவள், அண்ணன் முகத்தைப் பார்த்துவிட்டு மெத்தையின் ஒரு முனையைப் பிடித்தாள்.

இப்போதெல்லாம் பாய்லர் எஞ்சின் அறைக் கதையை எடுத்தால் சமையல்காரர் லேசாக ஒரு இருமல் இருமுவார். கதை அங்கேயே நின்றுவிடும். மாடியில் இருந்தாலும் இருமல் கேட்டால் பாய்லர் தடதடவென்று இறங்கி ஓடிவருவார். நிஜ இருமலா, பேச்சுத்துணைக்கு இருமியதா என்று கண்டுபிடிக்க அவரால் முடிந்ததில்லை.

"வாங்க மச்சான், டீ ஆறுது" என்பார் சமையல்காரர்.