பத்து நிமிட ஜெபம்

பயம் வந்தால் சிலருக்கு வயிறு கலங்கும், சிலருக்குக் கை நடுங்கும். எனக்கு வாய் ஜெபிக்க ஆரம்பித்துவிடும். பள்ளிக்கூடத்தில் கணக்குத் தாளைப் பார்த்த மாத்திரத்தில், அதைக் கொண்டுவந்து கொடுத்த வாத்தியாருக்கும் சேர்த்து ஜெபித்தவன் நான். இரும்புலியூரில் எங்கள் சபையில் இதற்காகவே எனக்கு நல்ல பெயர். அப்பா சபைக் கமிட்டியின் செயலாளர். பையனுக்கு ஜெப வரம் இருக்கிறது என்று உறவுக்காரர்களுக்குக் கடிதம் எழுதினார். அது வரமல்ல, வெறும் நடுக்கம் என்பது எனக்கும் ஆண்டவருக்கும் மட்டுமே தெரிந்திருந்தது. பிறகு ஒரு பெண்ணுக்கும் தெரிந்துபோயிற்று.

எண்பதுகளின் நடுவில் மேற்கு தாம்பரத்தில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட். காலை ஏழு மணி பேட்ச். என் பக்கத்து மெஷின் அவளுடையது. அவள் அப்பா ரயில்வே ஷெட்டில் ஃபிட்டர். வேலை முடிந்தால் கறுப்புச் சட்டை, கையில் 'விடுதலை' பத்திரிகை. வீட்டில் சாமி படம் கிடையாது. பொங்கல் மட்டும் உண்டு. பெண்ணும் அப்படியே வளர்ந்திருந்தாள்.

இருபது மெஷின்கள் ஒரே நேரத்தில் தட்டும்போது அந்த அறையில் என்ன பேசினாலும் வெளியே கேட்காது. அந்தச் சத்தத்துக்குள் உட்கார்ந்துகொண்டு நாங்கள் ஆறு மாதம் கடவுளைப் பற்றிச் சண்டை போட்டோம்.

"உங்க ஆளு ஆறு நாள்ல உலகத்தைப் படைச்சாரு. நீங்க ஆறு மாசமா ஒரு லெட்டர் தப்பில்லாம அடிக்க மாட்டேங்கறீங்களே."

"ஏழாவது நாள் ரெஸ்ட் எடுத்தாரு இல்ல? அந்த ரெஸ்ட்டை மட்டும் நான் ஃபாலோ பண்றேன்."

ஒரு நாள் எல்லா மெஷினும் தற்செயலாக ஒரே நொடியில் நின்றுவிட்டன. அந்த அமைதியில் அவள் குரல் மட்டும் கணீரென்று கேட்டது: "சரி, இருக்காருன்னே வெச்சுப்போம். எனக்குப் பயமில்ல. உங்களுக்கு ஏன் இவ்வளவு பயம்?" எல்லாத் தலைகளும் திரும்பின. மாஸ்டர் அடிஸ்கேலை மேஜையில் தட்டினார். நான் உள்ளுக்குள் மாஸ்டருக்காக ஜெபித்தேன்.

சண்டை எப்போது வேறொன்றாக மாறியது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. கல்யாணம் என்று பேச்சு வந்தபோது மட்டும் அவள் விளையாடவில்லை. எங்கள் ஆலயத்தில் தாலி கட்ட வேண்டுமென்றால் அவள் ஞானஸ்நானம் எடுக்க வேண்டும். "நம்பாததை நம்பறேன்னு நாலு பேர் முன்னாடி சொல்ல மாட்டேன். நீங்க நம்பறதை விடச் சொல்லியும் கேட்கல. ரெஜிஸ்டர் ஆபீஸ் போதும்" என்றாள்.

எனக்கும் போதும்தான். ஆனால் அந்த ஆபீசில் ஒரு பலகை இருந்தது. மதம் மாறாமல் கல்யாணம் செய்கிறவர்கள் மனு கொடுத்தால், இரண்டு பேரின் பெயரையும் விலாசத்தையும் முப்பது நாள் அதில் ஒட்டி வைப்பார்கள். எங்கள் சபையில் மனை வாங்காத ஆள் கிடையாது. வாரத்துக்கு ஒரு மூப்பராவது பத்திரம் பதிய அங்கே போவார். முப்பது நாள் என் பெயர் அந்தச் சுவரில் தொங்கும் என்று நினைத்தாலே எனக்கு ஜெபம் வந்தது.

அவளுக்கு அது புரிந்தது. அப்போதுதான் எங்கள் வாலிபர் சங்கமும் அவள் அப்பாவின் கறுப்புச் சட்டை வாசகர் வட்டமும் சேர்ந்து ஒரு பட்டிமன்றத்துக்கு ஏற்பாடு செய்தன. தலைப்பு, 'திருமணம் நடக்க வேண்டியது ஆலயத்திலா, அரசு அலுவலகத்திலா?' ஆலயத்தின் பக்கம் பேச என்னைப் போட்டார்கள். எதிர்ப்பக்கம் அவள்.

"நீங்க உங்க பக்கம் என்ன வேணா பேசுங்க. கடைசியில நான் ஒரு கேள்வி கேப்பேன். நம்பிக்கையில்லாத பொண்ணைக் கட்டிக்க உங்கள்ல யாராவது ரெஜிஸ்டர் ஆபீசுக்கு வருவீங்களான்னு. 'நான் வருவேன்'னு மட்டும் சொல்லுங்க. வாயால சொல்லிட்டீங்கன்னா பலகை பயம் போயிடும். மறுநாள் திங்கக்கிழமை பத்து மணிக்கு மனு கொடுத்துடலாம். சொல்லலைன்னா..."

"சொல்லலைன்னா?"

"சொல்லலைன்னா எனக்குத் தெரிஞ்சுடும்ல?"

நான் வருவேன். இரண்டே சொல். ஒரு வாரம் கண்ணாடி முன் நின்று ஒத்திகை பார்த்தேன். வாயில் பற்பசை நுரையோடுகூடச் சொல்லிப் பார்த்தேன். நன்றாகவே வந்தது.

ஞாயிறு மாலை, ஒரு டுடோரியலின் ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகை. ஒரு பக்கம் வெள்ளைப் புடவை ஆன்ட்டிகள், மறுபக்கம் கறுப்புச் சட்டைகள். நடுவர் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர், நெற்றி நிறைய விபூதி, கையில் ஒரு மணி. நான் ஆலயத்தின் மேன்மையைச் சுமாராகப் பேசி முடித்தேன். அவள் பேசினாள். கைதட்டல் எங்கள் பக்கத்திலிருந்தும் வந்தது. பிறகு என் பக்கம் திரும்பி, சொன்னபடியே அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

பதிலுக்குப் பத்து நிமிடம் என்றார் நடுவர். நான் எழுந்தேன். இரண்டாம் வரிசையில் அப்பா. வருகிறேன் என்று சொல்லாமல் வந்து உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் போதகரோடு. என்னைப் பார்த்துப் பெருமையாகத் தலையாட்டினார்.

"பதில் சொல்வதற்கு முன்னால்" என்றது என் வாய், "ஒரு சிறு ஜெபம் செய்வோம்."

கண்ணை மூடினேன். நிதானம் வரும்வரை ஒரு நிமிடம், அவ்வளவுதான் திட்டம். நாட்டை ஆள்கிறவர்களுக்காக ஜெபித்தேன். நிதானம் வரவில்லை. மின்சார ரயிலில் தொங்கிக்கொண்டு போகிறவர்களுக்காக ஜெபித்தேன். செம்பரம்பாக்கம் ஏரி நிறைய வேண்டுமென்று கேட்டேன். நோயாளிகள், விதவைகள், டைப்ரைட்டிங் லோயர் பரீட்சை எழுதுகிறவர்கள் என்று ஒருவரையும் விடவில்லை. நிறுத்தினால் கண்ணைத் திறக்க வேண்டும். திறந்தால் அவள் எதிரே இருப்பாள். ஜெபத்தின் நடுவில் எந்த நடுவர் மணி அடிப்பார்? விபூதிக்காரர் எழுந்து நின்று கைகூப்பிவிட்டாராம். கறுப்புச் சட்டைக்காரர் ஒருவர் மரியாதைக்காகப் பீடியை அணைத்தாராம். எல்லாம் பிற்பாடு கேள்விப்பட்டது.

ஆமென் என்று நான் முடித்தபோது கொட்டகையே ஆமென் என்றது. நடுவர் கடிகாரத்தைப் பார்த்தார். "நேரம் முடிஞ்சுது" என்றார். அவள் நாற்காலி காலியாக இருந்தது.

சைக்கிள் ஸ்டாண்டுக்கு ஓடினேன். ஸ்டாண்ட்காரர் என்னைப் பார்த்ததும், "இன்னா சார், இங்க வரைக்கும் கேட்டுச்சு. ஜெபம் சோக்கா கீது!" என்றார். அவள் சைக்கிள் பூட்டைத் திறந்துகொண்டிருந்தாள். அழவில்லை.

"நாளைக்கு நீங்க வரவேணாம்" என்றாள்.

"இல்ல, அப்பா வந்துட்டாரு, நான் எதிர்பார்க்கல, அதான்..."

"பத்து நிமிஷம் யார் யாருக்காகவோ கேட்டீங்க. ஏரித் தண்ணிக்குக்கூடக் கேட்டீங்க. எனக்காக ஒண்ணும் கேக்கலியே."

கடவுளே இல்லை என்கிறவள் அதை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். சைக்கிள் ஜி.எஸ்.டி. ரோட்டில் ஏறி, பஸ்களுக்கு நடுவில் போய்விட்டது. உள்ளே அப்பா என் முதுகில் தட்டினார். "அருமையான ஜெபம்டா! அந்தப் பொண்ணு வாயடைச்சுப் போச்சு பாரு."

திங்கட்கிழமை ஒன்பதரைக்கே ரெஜிஸ்டர் ஆபீசுக்குப் போய்விட்டேன். பையில் இரண்டு பேனா. ஒன்று எழுதாவிட்டால் என்று பயம். பத்து மணி ஆயிற்று, ஒரு மணி ஆயிற்று. பியூன் இரண்டு தடவை யார் வேணும் என்று கேட்டார். வேறு வேலை இல்லாததால் பலகையை முழுக்கப் படித்தேன். எத்தனை பேர் இந்தச் சுவரில் முப்பது நாள் தொங்கியிருக்கிறார்கள், ஒருவரும் செத்துப்போகவில்லை. ஐந்தரைக்கு அலுவலகத்தைப் பூட்டினார்கள். அந்த வாரம் அவள் மெஷினில் வேறொரு பையன் உட்கார்ந்திருந்தான். அவள் அப்பாவுக்கு அரக்கோணத்துக்கு மாற்றல் என்றார் மாஸ்டர். அரக்கோணம் ஒன்றும் கடல் கடந்து இல்லை. ரயில் இருந்தது. ஏறவில்லை. அதையும் இங்கே எழுதிவிட வேண்டும்.

எனக்கு ஆலயத்தில்தான் கல்யாணம் நடந்தது. நல்ல பெண்மணி, என் ஜெபம் நீண்டால் இடித்து நிறுத்துகிறவர். தொண்ணூறுகளின் கடைசியில் பொத்தேரிப் பக்கம் ஒரு கால் கிரவுண்டு மனை வாங்கியபோது, பத்திரம் பதிய இருவரும் அதே அலுவலகத்துக்குப் போனோம். நான் பலகை முன் நின்றுவிட்டேன்.

"யாரைத் தேடறீங்க?" என்றார் மனைவி.

"சும்மா. டைப்பிங்ல தப்பு இருக்கான்னு பாக்கறேன்."

அவர் டோக்கன் வாங்கப் போனார். பலகையில் புதிதாக ஒட்டிய ஒரு தாள். ஒரு பெயர் எங்களைப் போல் கிறிஸ்தவப் பெயர், இன்னொன்று இல்லை. பக்கத்துப் பக்கத்தில், ஒரே வரியில். கை தானாகப் போய் அந்தத் தாளின் மடங்கிய முனையை நீவிவிட்டது. இந்த இரண்டு பேரும் முப்பது நாள் கழித்து வந்துவிட வேண்டும் என்று ஆண்டவரிடம் கேட்டேன். கண்ணை மூடவில்லை. அரை நிமிடம்கூட ஆகவில்லை.