எஸ்தர் டீச்சர் எண்ணவில்லை

செய்தி வந்தபோது நான் எல்.கே.ஜி. பிள்ளைகளுக்கு ஸ்வெட்டர் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தேன். ஆயாம்மா வகுப்பு வாசலில் வந்து நின்றார். "எஸ்தர் டீச்சர் தவறிப்போயிட்டாங்களாமா. காலைல நெஞ்சு வலிக்குதுன்னாங்களாம். ஆஸ்பத்திரி போய்ச் சேர்றதுக்குள்ளயே முடிஞ்சுபோச்சாமா" என்றார். எனக்கு அழுகை வரவில்லை, பயம்தான் வந்தது. அவரைப் பற்றிய ஒரு உண்மையை என்றாவது சொல்லிவிடலாம் என்று மூன்று வருடமாகத் தள்ளிப்போட்டு வந்தேன். அவர் காதில் விழும்படி சொல்ல இனி வழியில்லை.

அவரை அறிந்த பெற்றோர்களாகிய உங்களில் பலருக்கு என்னையும் தெரியும். பயந்தாங்கொள்ளி என்றே தெரிந்திருக்கும். பல்லியைக் கண்டால் அறையை விட்டுப் போகிறவள் நான். அன்னூரிலிருந்து சத்தியமங்கலம் போகும் சாலையில், மூன்று பக்கமும் தோட்டம் சூழ்ந்த எங்கள் சின்னப் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே, பிள்ளைகளை வெளியே கூட்டிப்போக என்னை எஸ்தர் டீச்சருக்குத் துணையாகப் போட்டார்கள். அதுவும் மார்கழியில், பனி இறங்கிக்கொண்டிருக்கும் காலையில். வெயில் காலத்தில் போனால் என்ன என்று கேட்டேன். "வெயில்ல பூச்சியெல்லாம் ஓடிப்போயிருமுங்க. குளுருக்குத்தான் மெதுவா நகரும். நாலு வயசுக் கண்ணுக்கு அப்பத்தான் தோதுங்க" என்றார்.

அவர் சொன்னது சரிதான். குளிரில் விறைத்த வெட்டுக்கிளி பிள்ளைகள் குனிந்து பார்த்து முடிக்கும்வரை புல் நுனியிலேயே இருந்தது. சிலந்தி வலையில் கோத்திருந்த பனித்துளிகளை அவர்கள் தொடாமல் ஊதிப் பார்த்தார்கள். ஒருநாள் ஒரு பொடிசு பாம்புச் சட்டையை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு நேராக என்னிடம் வந்தது. நான் மோட்டார் ரூம் திட்டின்மேல் ஏறிவிட்டேன். "அது வேண்டாம்னு கழட்டிப் போட்டுட்டுப் போயிருச்சு. நீங்க ஏனுங்க மேல ஏறுறீங்க?" என்றார் எஸ்தர் டீச்சர். பிள்ளைகள் சிரித்த சிரிப்பு அந்த வாரம் முழுக்க அடங்கவில்லை.

இனி அந்த நாளுக்கு வருகிறேன். பொங்கலுக்கு முன் எங்கள் பக்கம் வீட்டு இறவாணத்தில், அதாவது கூரை விளிம்பில், வேப்பிலையும் ஆவாரம்பூவும் பூளைப்பூவும் சேர்த்துக் காப்புக் கட்டுவோம். வகுப்பு வாசலிலும் கட்ட வேண்டும் என்று பிள்ளைகள் நச்சரித்தார்கள். எஸ்தர் டீச்சர் கிறிஸ்தவர், ஆனால் எங்களைவிட அவருக்குத்தான் பூளைப்பூ எந்த வரப்பில் இருக்கும் என்று தெரியும். பதினெட்டுப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனோம். எல்லாருக்கும் ஒரே நீல நிறத்தில் பள்ளிக் குல்லா. பூ பறித்து முடித்ததும் வேலியோரம் உட்காரவைத்து பிஸ்கட் கொடுத்தோம். பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியாத பனி.

"எத்தனைங்க டீச்சர்?" என்று வரிசையின் அந்தக் கோடியிலிருந்து எஸ்தர் டீச்சர் கேட்டார். நான் எண்ணினேன். "பதினெட்டுங்க" என்றேன்.

அப்போது என் பக்கத்தில் இருந்த குழந்தை, பிஸ்கட்டை மென்றுகொண்டே, "மிஸ், யாழினி குல்லா மட்டும் உக்காந்திருக்குது" என்றது.

திரும்பிப் பார்த்தேன். வேலியில் பாதி ஒடிந்துபோன ஒரு கல்லுக்கால், உட்கார்ந்த குழந்தை உயரம். அதன் தலையில் குல்லா. நான் குல்லாக்களை எண்ணியிருந்தேன். எங்கோ பனிக்குள் புறா குமுறும் சத்தம் கேட்டது, தரைக்குக் கீழேயிருந்து. அந்தத் தோட்டத்துக் கிணற்றுக்குக் கைப்பிடிச் சுவர் கிடையாது. அறுபதடி ஆழம், தரையோடு தரையாகத் திறந்து கிடக்கும். பனி கொஞ்சம் விலகியபோது யாழினியின் முதுகு அதன் விளிம்பில் தெரிந்தது.

நான் கத்த வாயைத் திறந்தேன். அதற்குள் பக்கத்தில் வந்துவிட்ட எஸ்தர் டீச்சரின் கை என் வாயைப் பொத்தியது. "கத்துனா திரும்புவா" என்று காதில் சொன்னார். பிறகு மற்றப் பிள்ளைகளிடம், "சாமிகளா, எல்லாரும் கண்ண மூடிக்குங்க. புறா எத்தன தடவ கத்துதுன்னு மனசுக்குள்ள எண்ணுங்க. எந்திரிச்சா ஆட்டத்துல இல்ல" என்றார். கிணற்றுப் பக்கம் நடந்தார். பாதி தூரத்தில் பொத்தென்று தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"யாழினி கண்ணு, டீச்சருக்கும் புறா பாக்கோணும். நின்னு பாத்தா பறந்துபோயிரும். உக்காந்துக்க."

குழந்தை உட்கார்ந்தது. கால்களைக் கிணற்றுக்குள் தொங்கவிட்டுக்கொண்டது. எஸ்தர் டீச்சர் உட்கார்ந்தபடியே, சேலை மண்ணில் இழுபட நகர்ந்து நகர்ந்து போய், ஸ்வெட்டரைப் பின்னாலிருந்து கொத்தாகப் பிடித்து மடியில் இழுத்துப் போட்டார். "உள்ள மூணு குஞ்சு இருக்குது டீச்சர்" என்றது யாழினி.

பள்ளிக்குத் திரும்பியதும் குழாயடியில் அவரைப் பார்த்தேன். சேலையில் ஒட்டிய மண்ணைக் கழுவிக்கொண்டிருந்தார். எவ்வளவு சமயோசிதமாக உட்கார்ந்தீர்கள் என்றேன். "சமயோசிதமும் இல்ல ஒண்ணும் இல்லீங்க. காலு மடங்கிப்போச்சு, உழுந்துபோட்டேன்" என்றார்.

பொங்கல் விடுமுறை முடிந்து யாழினியின் அம்மா பள்ளிக்கு வந்தார். குழந்தை வீட்டில் எல்லாவற்றையும் சொல்லியிருந்தது. தாளாளர் அறையில் எங்கள் இருவரையும் நிற்கவைத்து, "எண்ணுனது யாருங்க?" என்று கேட்டார் அந்த அம்மா. நான் தரையைப் பார்த்தேன். அந்தக் கிணற்றங்கரையில் பயந்ததைவிட அங்கே அதிகம் பயந்தேன்.

"நாந்தானுங்க" என்றார் எஸ்தர் டீச்சர்.

நான் மறுக்கவில்லை. அன்றும் மறுக்கவில்லை, அதன்பிறகும் மறுக்கவில்லை. இனி அவர் பிள்ளைகளோடு கேட்டைத் தாண்டக் கூடாது என்று உத்தரவானது. வராந்தாவில் அவர் கையைப் பிடித்துக்கொண்டு ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று அழுதேன். "உங்களச் சொல்லியிருந்தா நீங்க இனி அந்தக் கேட்டத் தொறக்கவே மாட்டீங்க. கொழந்தைக உள்ளயே கெடக்கும். இனிமேலு நீங்க கூட்டிட்டுப் போங்க. குல்லாவ எண்ணாதீங்க, தலையத் தொட்டு எண்ணுங்க" என்றார். அதைச் சொன்னபோது அவர் முகத்தில் கோபம் இருந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கேட்கவும் பயந்தேன்.

மூன்று குளிர்காலம் நான் கூட்டிப்போனேன். அவர் கேட்டுக்கு உள்ளே நின்று எங்களை அனுப்பிவைத்தார். திரும்பி வந்ததும், "இன்னைக்கு என்ன பாத்தீங்க சாமிகளா?" என்று ஒவ்வொருவரிடமும் கேட்பார். அத்தனை பேர் சொல்வதையும் நின்று கேட்பார்.

போன வாரம் இரங்கல் கூட்டத்தில் தாளாளர் நல்லபடியாகத்தான் பேசினார். ஆனால், "அந்த ஒரு கவனக்குறைவைத் தவிர அவரிடம் குறையே இல்லை" என்றும் சொன்னார். நீங்கள் எல்லாரும் தலையசைத்தீர்கள். நானும் அசைத்தேன். வீட்டுக்கு வந்து சோற்றில் கை வைக்க முடியவில்லை.

மறுநாள் யாழினியின் வீட்டுக்குப் போனேன். வாசலில் நின்றபடியே அவள் அம்மாவிடம் சொன்னேன். அவர் என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். அவர் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். "மூணு வருசமுங்க. சந்தையில பாத்தாலும் மூஞ்சியத் திருப்பிக்குவேன். அவங்க ஒவ்வொரு தடவையும் பாப்பா நல்லாருக்காளான்னு கேப்பாங்க. ஒரு தடவகூட நான் பதில் சொல்லலீங்க" என்றார்.

அதனால்தான் உங்களுக்கும் எழுதுகிறேன். இதைப் படித்தபின் என் கையில் பிள்ளைகளைக் கொடுப்பீர்களோ மாட்டீர்களோ, தெரியவில்லை. எழுதும்போதே பயமாக இருக்கிறது. எஸ்தர் டீச்சரின் துணிச்சலை வைத்துக்கொண்டேன் என்று சொன்னால் பொய். அவர் மூன்று வருடம் சுமந்துவிட்டுப் போன அந்தப் பழியை வைத்துக்கொள்கிறேன். அது என்னுடையது.