பேட் மட்டும் குடு

எங்கள் கல்லூரி அணியில் போன மாதம் ஒரு வீடியோ எடுத்தார்கள். ஆளுக்கு ஒரு நிமிடம் பேச வேண்டும், தலைப்பு 'என் முதல் பேட்'. எல்லோரும் உருகினார்கள். ஒருத்தி தன் அண்ணன் தென்னை மட்டையில் செதுக்கிக் கொடுத்ததைச் சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எங்கள் விக்கெட் கீப்பர், பேட்டைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு தூங்கியதாகச் சொன்னாள். என் முறை வந்தது. "என் முதல் பேட்டை நெனச்சாலே எனக்கு எரிச்சல்தான் வருது" என்றேன். கேமரா பிடித்த ஜூனியர் பெண், "அக்கா, கொஞ்சம் ஃபீலா சொல்லுங்களேன்" என்றாள். ஏம்மா, எரிச்சல் ஒரு ஃபீல் இல்லையா? நான் பேசியதை மொத்தமாக வெட்டிவிட்டார்கள். அதனால்தான் இங்கே எழுதுகிறேன். யாராலும் வெட்ட முடியாது.

நாங்கள் ஆவடியில் குவார்ட்டர்ஸில் இருந்தோம். அப்பாவுக்கு ஃபேக்டரி வேலை. அப்பா, அம்மா இருவருக்கும் சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம், எனக்கு ஆவடிதான். ஏழாம் வகுப்பு முழுப்பரீட்சை முடிந்த லீவில், அதுவரை நான் நச்சரித்த நச்சரிப்பு தாங்காமல், அப்பா என்னை பேட் வாங்கக் கூட்டிக்கொண்டு போனார்.

பேட்டில் அளவு உண்டு. பிள்ளைகளுக்கு நாலு, அஞ்சு, ஆறு என்று நம்பர் ஏறும். கடைசியில் பெரிய ஆட்களுக்கான முழு அளவு. கடைக்காரர் என்னை நிமிர்ந்து நிற்கச் சொல்லி, ஒரு பேட்டை என் காலோடு வைத்துப் பார்த்து, "பாப்பாவுக்கு அஞ்சாம் நம்பர் சரியா கீது சார்" என்றார். சரியாக இருந்தது. கையில் எடுத்தேன், சுழற்றினேன், காற்றை வெட்டியது. அத்தோடு வாங்கிக்கொண்டு கிளம்பியிருக்கலாம்.

அப்பா பேட்டை வாங்கிப் புரட்டிப் பார்த்தார். "வளருத பிள்ளைல்லா. இது அடுத்த வருசம் பத்தாமப் போயிருமே?"

எங்கள் வீட்டில் எல்லாம் அப்படித்தான். யூனிஃபார்ம் என்றால் முட்டிக்குக் கீழே மடித்துத் தைத்து வருஷா வருஷம் பிரித்துவிட வேண்டும். ஷூ என்றால் முன்னால் துணி அடைத்துப் போட்டுக்கொள்ள வேண்டும். அதே கணக்கில் பேட்டும் வாங்கினார். முழு அளவு. காஷ்மீர் வில்லோ மரம். நிற்க வைத்தால் என் இடுப்பைத் தாண்டியது. தூக்கினால் என்னை முன்னால் இழுத்தது. "அப்பா, தூக்கவே முடியலப்பா" என்றேன். "நல்லாச் சாப்பிடு, முடியும்" என்றார். வாங்கிக் கொடுத்த மனிதரிடம் சண்டையும் போட முடியாது. வழியெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு வந்தேன்.

இப்போது விஷயம் என்னவென்றால், எங்கள் பிளாக்கில் பெரிய பையன்கள் வைத்து ஆடும் அளவுக்கு ஒரு நல்ல பேட் இல்லை. இருந்தது ஒன்று, நடுவில் பிளந்து டேப் சுற்றியது. நான் பேட்டோடு படியேறியதை யாரோ பார்த்திருக்கிறார்கள். மறுநாள் காலை கதவு தட்டப்பட்டது. கீழ் வீட்டுப் பையன், பிளஸ் ஒன் முடித்தவன், பிளாக் டீமின் கேப்டன். என்னைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்த்து, "ஆன்ட்டி, பேட் கீதாமே? இன்னிக்கு மேட்ச்சு. ஈவ்னிங் குட்த்துடறோம்" என்றான்.

"நானும் வரேன்" என்றேன்.

"நீ இன்னாத்துக்கு? பேட் மட்டும் குடு."

அம்மா கொடுத்துவிட்டாள். அம்மாவுக்கு யாரிடமும் இல்லை என்று சொல்ல வராது. எங்கள் வீட்டு ஏணி, பெரிய இட்லிக் கொப்பரை, இன்வெர்ட்டர் இல்லாத காலத்து எமர்ஜென்சி லைட், எல்லாம் பிளாக் முழுக்கச் சுற்றிக்கொண்டே இருக்கும். பேட்டும் அந்தச் சுற்றில் சேர்ந்துவிட்டது. நான் கத்தினேன். "ஏட்டி, சும்மா கெடக்கதைக் கொடுத்தா என்ன கொறஞ்சா போயிரும்? நாளைக்கு நமக்கு ஒண்ணுன்னா இந்தப் பிள்ளைகதான வந்து நிக்கணும்" என்றாள். சும்மா கிடக்கிறதா? அது சும்மா கிடப்பதற்குக் காரணமே அது என் கைக்கு வராததுதான் என்று விளக்கிப் பார்த்தேன். அம்மா குழம்பைக் கிளறிக்கொண்டிருந்தாள்.

அந்த லீவு முழுக்க என் பேட் ஊர் சுற்றியது. கோவில்பதாகை போனது. மேனாம்பேடு போய் ஜெயித்துவிட்டு வந்தது. ஒவ்வொரு ஊர் மண்ணையும் அடியில் ஒட்டிக்கொண்டு வந்து கதவுக்குப் பின்னால் சாய்ந்து நிற்கும். பேட் ஃபிஃப்டி அடித்ததாகப் படியில் பேசிக்கொள்வார்கள். நான் அதை வைத்து அடித்தது? ஒரு பந்துகூட இல்லை. மொட்டைமாடியில் தனியாக, சுவரைப் பார்த்து, வெறும் காற்றை அடித்ததோடு சரி.

"எப்பதான் எனக்கு பேட்டிங் குடுப்பீங்க?" என்று கேப்டனிடம் கேட்டேன்.

"பேட்டு உனக்குப் பெருசும்மா. நீ வளர்ற வரிக்கும் நாங்க வெச்சு ஆடிகினு கீறோம். பேட்டும் நல்லா பழகிடும். உனக்குத்தானே லாபம்?"

அப்பா சொன்ன அதே 'வளர்ற' கதை! நான் வளரப்போகும் நாளுக்கும் எனக்கும் நடுவில் இவன் வந்து குடியேறிவிட்டான்.

கோபம் உச்சத்துக்குப் போனது ஒரு சனிக்கிழமை சாயங்காலம். திரும்பி வந்த பேட்டின் முதுகில், கறுப்பு மார்க்கரில், கொட்டை எழுத்தில், அவர்கள் டீம் பேர். என் பேட்டில்! தேங்காயெண்ணெய் போட்டுத் தேய்த்தேன். எழுத்து போகவில்லை, கை வழுக்கியதுதான் மிச்சம்.

மறுநாள் கேப்டன் வந்தபோது தயாராக இருந்தேன். ஷூ போட்டாகிவிட்டது. அம்மா கதவருகே வரும்வரை காத்திருந்து, அவன் எதிரிலேயே, "அம்மா, நானும் மேட்ச்சுக்குப் போகட்டா? இவங்க பாத்துக்குவாங்க" என்று கேட்டேன். யாருக்கும் இல்லை சொல்லத் தெரியாதவள் எனக்கு மட்டும் எப்படிச் சொல்வாள், அதுவும் வெளி ஆள் எதிரில்? அம்மா என்னைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். "இருட்டதுக்குள்ள கூட்டியாந்துருப்பா" என்றாள். கேப்டன் முகத்தைப் பார்க்க வேண்டுமே! ஆனால் அவர்களுக்கு அன்று ஓர் ஆள் குறைவு. ஒருத்தன் டியூஷன் போய்விட்டான். பதினொன்றுக்கு ஒரு தலை வேண்டும்.

மேட்ச் பாரிவாக்கத்தில், மனைகள் போட்டு வைத்திருந்த ஒரு காலி இடத்தில். கோவில்பதாகை டீமோடு. ஷேர் ஆட்டோவில் பேட் கேப்டன் மடியில் சொகுசாக உட்கார்ந்து வந்தது. நான் ஓரத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு தொங்காத குறை. மனைக்கல்தான் பவுண்டரி. "அந்தக் கல்லாண்ட நின்னுக்கோ. பால் வந்தா கால வெச்சுத் தட்த்துடு" என்றார்கள். தடுத்தேன். முழங்கால் வீங்கியது. ஒருத்தனும் கை தட்டவில்லை.

எங்கள் பேட்டிங். ஒவ்வொருத்தனாகப் போனான், வந்தான். நான் மட்டும்தான் பாக்கி. கடைசி ஓவர், ஜெயிக்க ஒன்பது ரன். ஆடிக்கொண்டிருப்பவன் கேப்டன். நான் உள்ளே போனேன்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்து மேட்ச்சுகளில் ஒரு டீமுக்கு ஒரே பேட். பந்தை ஆடுகிறவன் கையில் அது இருக்கும். எதிர்முனையில் நிற்கிறவன் கையில் ஒரு குச்சி. ஒற்றை ரன் ஓடினால் பிட்ச் நடுவில் கடக்கும்போது பேட் கை மாறும். ஆக, அவன் ஒரு சிங்கிள் எடுத்தால் போதும். என் பேட் என் கைக்கு வந்துவிடும்.

"நீ சொம்மா நில்லு. நான் பாத்துக்கறேன்" என்றான் கேப்டன்.

முதல் பந்தைத் தூரமாகத் தட்டினான். நடந்தே எடுக்கக்கூடிய ரன். நான் பாதி தூரம் ஓடிவிட்டேன். "நோ! நோ! போ அந்தாண்ட!" திரும்ப ஓடினேன். இரண்டாவது பந்து, அதே இடம், அதே "நோ!" மூன்றாவதும் அப்படியே. கண்ணெதிரே மூன்று ரன் கொட்டிக் கிடக்கிறது, மனுஷன் குனிந்து எடுக்க மாட்டேன் என்கிறான். ஏன்? எடுத்தால் பேட்டை என்னிடம் கொடுக்க வேண்டும். தோற்றாலும் பரவாயில்லையாம்!

எதிர் டீம் பவுலருக்கே தாங்கவில்லை. "இன்னா மாமே, பஸ்ல லேடீஸ் சீட்டு மாரி, இந்தாண்ட வரவே பயப்படுறியே" என்றான். எல்லோரும் சிரித்தார்கள்.

நான்காவது பந்தை கேப்டன் ஓங்கி அடித்தான். ஆள் இல்லாத பக்கம் போனது. ஓடினோம். நடுவில் கை நீட்டினேன். அவன் பேட்டை மார்போடு அணைத்துக்கொண்டு என்னைத் தாண்டி ஓடினான். நான் அந்தப் பக்கம் போய்க் குச்சியைக் கோட்டுக்குள் வைத்தேன். அவன் எதிர்முனையைத் தொட்டுத் திரும்பி, "ரெண்டு! ரெண்டு! வா, வா!" என்று கத்திக்கொண்டே பாதி பிட்ச் வந்துவிட்டான்.

"வரல" என்றேன்.

"ஓடி வாடீ!"

"வரல!"

நகரவில்லை நான். அவன் திரும்பி ஓடுவதற்குள் பந்து வந்து, பவுலர் ஸ்டம்பைத் தட்டிவிட்டான். அவுட். கேப்டன் பிட்ச் நடுவில் என் பேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"லூசாடீ நீ? ஓடுன்னா ஓட மாட்டியா?"

"நீ மூணு தடவ ஓடல. நான் ஒரே ஒரு தடவதான ஓடல?"

எங்கள் டீம் மொத்தமும் என்னைத் திட்டியது. ஆனால் ஆட்டம் முடியவில்லை. கடைசியாக மிஞ்சுகிறவர் துணை இல்லாமல் தனியாக ஆடலாம், ரன் மட்டும் இரண்டிரண்டாக ஓட வேண்டும். இது எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த விதி. கேப்டன் தெரியாத மாதிரி, "அவ்ளோதாம்பா, முட்ஞ்சிச்சு, கெளம்பலாம்" என்று நடக்க ஆரம்பித்தான். பேட்டோடு.

எதிர் டீம் கேப்டன் வேலைக்குப் போகிற, தாடி வைத்த அண்ணன். "இன்னாபா முட்ஞ்சிச்சு? லாஸ்ட் மேன் கீதுல்ல. ரெண்டு பாலு கீது. ஆடட்டும்" என்றார்.

"இவ இன்னாண்ணா ஆடப் போறா? பேட்டே அவளுக்குப் பெருசு."

"பேட்டு யாருது?"

"என்னுது ணா" என்றேன்.

"அப்பால இன்னாடா உனுக்கு? குட்றா அவகிட்ட."

கொடுத்தான். கைப்பிடி அவன் வியர்வையில் நனைந்திருந்தது. டீ ஷர்ட்டில் துடைத்தேன்.

முதல் பந்து. முழு வேகத்தில் சுழற்றினேன். பந்து கீப்பர் கைக்குப் போய்ச் சேர்ந்த பிறகு பேட் வந்து சேர்ந்தது, என்னையும் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டது. எங்கள் ஆட்கள் தலையில் கை வைத்துக்கொண்டார்கள். அடுத்த பந்துக்குக் கைப்பிடியின் அடியில், கிட்டத்தட்ட கட்டையிலேயே, இரண்டு கையையும் இறக்கிப் பிடித்தேன். சுழற்றவில்லை. பந்து வரும் வழியில் வைத்தேன், அவ்வளவுதான். டொக். தோள்வரை அதிர்ந்தது. பந்து பவுலரைத் தாண்டிப் புல்லில் போனது. ஓடினேன், திரும்பினேன், ஓடினேன். இரண்டு ரன். தோற்றோம்.

திரும்பும் வழியெல்லாம் ஷேர் ஆட்டோவில் சண்டை. "நீ ரெண்டாவது ஓடியிருந்தா நான் லாஸ்ட்ல சிக்ஸ் அட்ச்சிருப்பேன்" என்று அவன். "நீ சிங்கிள் எடுத்திருந்தா சிக்ஸே தேவைப்பட்டிருக்காது" என்று நான். "எறக்கி உட்ருவேன் ரெண்டு பேரையும்" என்றார் டிரைவர்.

வீட்டில் அப்பா, "பேட்டு எப்படிருக்கு?" என்றார்.

"பெருசா இருக்குப்பா."

"அதான் சொன்னேன்லா, வளந்தா சரியாயிரும்" என்றார், திருப்தியாக.

அடுத்த ஞாயிறு கதவு தட்டப்படவில்லை. வேறு பேட் தேடிப் போயிருக்கிறார்கள் என்று தெரிந்தது. பேட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அம்மா, "பாவம்ட்டி, எங்கன அலையுதுகளோ" என்று என்னையே குற்றவாளியாகப் பார்த்தாள். பதினொரு மணி வாக்கில் கேப்டன் வந்தான், பின்னால் மூன்று பேர். எங்கும் கிடைக்கவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது.

"பேட்டு..." என்றான்.

"பேட்டும் நானும்."

"செரி, வா. லாஸ்ட்ல எறங்கு."

"மூணாவது."

"மூணாவதா? வெளாட்றியா? ஒம்போது."

"நாலு."

"எட்டு. அதுக்கு மேல கேக்காத."

"அஞ்சு. சிங்கிள் வந்தா எடுக்கணும்."

அம்மா குடத்தோடு வாசலில் நின்றாள். "சட்டுனு பேசி முடிங்கப்பா, தண்ணி நின்னுரும்."

ஆறாவது என்று முடிந்தது. சிங்கிள் எடுப்பதற்கும் ஒத்துக்கொண்டான், அந்த மூன்று பேர் முன்னால், அம்மா முன்னால். படி இறங்கும்போது, "குடு, நான் எட்துகினு வரேன். உனக்கு வெயிட்டு" என்று கை நீட்டினான்.

"வேணாம்" என்று சொல்லிவிட்டு நானே தூக்கிக்கொண்டு இறங்கினேன். ஒவ்வொரு படியிலும் இடித்துத் தொலைத்தது, சனியன்.