இனிஷியல் இல்லாத முதல் வரிசை

தமிழ்நாட்டிலேயே பிறந்து வளர்ந்தும், ஃபாரம் ஒன்றை நீட்டினால் எல்லாரும் இனிஷியலைத் தயங்காமல் எழுதிவிடுவார்கள் என்று நம்பிய முட்டாள் நான். எனக்கே பள்ளிச் சான்றிதழில் ஓர் இனிஷியல், ஆதாரில் வேறொன்று. அப்படியும் நம்பினேன்.

குற்றாலத்தில் வீட்டிலிருந்தபடியே சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு சாஃப்ட்வேர் எழுதுகிறேன். சீசனுக்கு வரும் சொந்தக்காரர்கள் அருவியில் குளித்து, என் வீட்டில் சாப்பிட்டு, ஊருக்குப் போய், "அவன் சும்மாத்தான் இருக்கான்" என்று சொல்லிவிடுகிறார்கள். சும்மா இல்லை என்று காட்டிக்கொள்ளத்தான், தென்காசியில் இலவசமாக நடக்கும் ஒரு டயாலிசிஸ் மையத்துக்கு உதவப் போனேன். நோயாளிகளை வீட்டிலிருந்து அழைத்துவர அங்கே ஒரு வேன் உண்டு. மறுநாள் யாரை எந்த ஊரில் எத்தனை மணிக்கு ஏற்ற வேண்டும் என்ற பட்டியலை அங்குள்ள சிஸ்டர் தினமும் மதியம் கையால் எழுதுவார். எனக்குப் பொறுக்கவில்லை. நோயாளி ஒருமுறை ஃபாரம் நிரப்பிவிட்டால் போதும், தினமும் சாயங்காலம் பட்டியல் தானாக எக்ஸ்போர்ட் ஆகி, தானாக பிரிண்டாகி வந்துவிடும்படி செய்தேன்.

"இனிமே நீங்க பேனாவையே தொட வேண்டாம், சிஸ்டர்" என்றேன்.

"சரி சார். ஆனா பேனாவ நான் தூரப் போடல" என்றார்.

மூன்று மாதம் எல்லாம் ஒழுங்காக ஓடியது. நானும் தெருவில் கொஞ்சம் நிமிர்ந்து நடந்தேன். பிறகு ராயகிரியிலிருந்து ஓர் அக்கா புதிதாகச் சேர்ந்தார். எலுமிச்சைத் தோட்டத்தில் வேலை பார்த்தவர், ஐம்பது வயதிருக்கும். ஆதாரில் அவருக்கு அப்பாவின் இனிஷியல், ரேஷன் கார்டில் கணவருடையது. எதை எழுதினாலும் இன்னொரு அட்டையைக் காட்டச் சொல்லித் திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்று பயந்து, அந்தக் கட்டத்தை வெறுமனே விட்டுவிட்டார். ராயகிரிதான் தூரம் என்பதால் காலையில் முதலில் ஏற வேண்டியவரும் அவரே. பட்டியலில் முதல் வரிசையும் அவருடையதே.

நான் செய்து வைத்திருந்த ஏற்பாட்டுக்கு ஒரு குணம் உண்டு. காலியான கட்டத்தை அது கண்டுகொள்ளாது. முதல் வரிசையில் எந்த விவரம் எந்த முறையில் நிற்கிறதோ அதையே பட்டியல் முழுவதற்கும் வைத்துக்கொள்ளும். அக்காவிடம் இனிஷியல் இல்லை என்றதும், மேலிருந்து கீழாக ஓடும் இனிஷியல் பத்தியையே கொண்டுபோய்க் கடைசியில் தள்ளிவிட்டது. மற்ற எல்லாப் பத்திகளும் ஓரிடம் முன்னால் நகர்ந்தன. பிரிண்ட் எடுக்கும் பகுதிக்கோ நான் என்ன சொல்லிக் கொடுத்திருந்தேன்? முதல் இரண்டும் இனிஷியலோடு பெயர், மூன்றாவது ஊர், நான்காவது வேன் வரும் நேரம் என்று எண்ணிக்கை மட்டும். அதனால் பெயரோடு ஊர் ஒட்டிக்கொண்டது. ஊர் இருக்க வேண்டிய இடத்தில் வேன் வரும் நேரமான ஐந்தரை வந்தது. வேன் நேரத்துக்கான இடத்தில் மெஷினில் படுக்க வேண்டிய நேரம், ஏழு மணி, வந்து உட்கார்ந்தது.

ஊருக்கான இடத்தில் ஐந்தரை என்று இருந்தால் யாருக்கும் சந்தேகம் வருமே என்று கேட்பீர்கள். வேன் ஓட்டும் அண்ணாச்சியிடம் நானும் கேட்டேன்.

"தாள மூணா மடிச்சுத்தான பையில வைப்பேன் தம்பி. பேரு ஒரு ஓரம், நேரம் ஒரு ஓரம் தெரிஞ்சா போதும். ஊரு எனக்குத் தெரியாதா?"

பழைய ஆட்களின் நேரமும் அவருக்கு மனப்பாடம், தாளைப் பார்ப்பதே இல்லை. புதியவர் ஒருவருக்காகத்தான் பார்த்தார். பார்த்ததில் ஏழு மணி. பக்கத்து ஊர்க்காரர்களை முதலில் ஏற்றிவிடலாம் என்று கிளம்பிவிட்டார்.

அன்று திங்கட்கிழமை. காலை ஆறு மணிக்கு என் போன் அடித்தது. சிஸ்டர்.

"சார், ராயகிரி அக்கா அஞ்சரையில இருந்து பஸ் ஸ்டாப்புல நிக்காங்க. வேன் சுந்தரபாண்டியபுரத்துல நிக்குது. அவங்களுக்கு இது விட்டுப்போச்சுன்னா புதன்கிழமை வர தாங்காது. மூணு நாளா மூச்சு வாங்குது."

லேப்டாப்பைத் திறந்தேன். அது ஒன்றுதான் எனக்குத் தெரிந்த வேலை. ஐம்பது கிலோமீட்டர் தள்ளி நிற்பவரை லேப்டாப்பில் ஏற்றிக் கொண்டுவர முடியாது என்று புரிய இரண்டு நிமிடம் ஆனது.

நான் புரிந்துகொண்டிருந்த அந்த நேரத்தில் அண்ணாச்சி சிஸ்டரிடம் அடையாளம் கேட்டுக்கொண்டு தன் சகலைக்கு போன் போட்டுவிட்டார். சகலை அந்தப் பக்கத்திலிருந்து தென்காசிக்கு எலுமிச்சை ஏற்றிவரும் லோடு வண்டிக்காரர்.

"ஏலே, எங்கன வார? பஸ் ஸ்டாப்புல ஒரு அக்கா பச்சைத் துணிப்பையோட நிக்கும். முன்னாடி உக்கார வச்சுக் கூட்டிட்டு வா. குண்டு குழியில பாத்து விடு, ஒன் பாட்டுக்குப் பறக்காத."

ஏழு இருபத்தைந்துக்கு அக்கா எலுமிச்சை வாசத்தோடு வந்து இறங்கினார். அதற்குள் நானும் மையத்துக்கு வந்து வாசலில் நின்றிருந்தேன். சிஸ்டர் மெஷினை வேறு யாருக்கும் கொடுக்காமல் தயாராக வைத்திருந்தார். அடுத்த ஷிஃப்ட் தள்ளிப்போகுமே என்று நான் இழுத்தேன்.

"அக்காவுக்கு நாலு மணி நேரமும் முழுசா ஓடும். நான் அரை மணி லேட்டா வீட்டுக்குப் போயிக்கிடுதேன். நீங்க தள்ளி நில்லுங்க சார், வழிய மறைக்கீங்க."

தள்ளி நின்றேன். அந்த நான்கு மணி நேரமும் வராந்தாவில் உட்கார்ந்து பத்திகளைச் சரிசெய்தேன். இனி எந்தப் பத்தியையும் எத்தனையாவது என்று எண்ணி எடுக்காது. பெயரைச் சொல்லித்தான் கூப்பிடும். காலியாக இருந்தாலும் அந்தக் கட்டம் தன் இடத்தில் காலியாகவே நிற்கும். ஊர் இருக்க வேண்டிய இடத்தில் எண் வந்தால் பிரிண்ட் ஆகாமல் சிஸ்டருக்கும் எனக்கும் செய்தி வரும். வேலையென்று பார்த்தால் இருபது நிமிடம். மீதி நேரமெல்லாம் இனிஷியல் இல்லாமல், ஊர் இல்லாமல், போன் நம்பர் இல்லாமல் ஆட்களைக் கற்பனையில் சேர்த்துச் சேர்த்து ஓட்டிப் பார்த்தேன்.

நடுவில் அண்ணாச்சி டீ வாங்கி வந்து கையில் கொடுத்தார். திட்டவில்லை. "நானும் மடிக்காமப் பாத்திருக்கணும்" என்று என் தப்பில் பாதியைத் தன் பையில் போட்டுக்கொண்டார். தங்களால் நடக்காத தப்பைச் சரிசெய்ய இவர்கள் மூவரும் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. யாரால் வந்தது என்று கேட்கக்கூட அவர்களுக்கு அப்போது நேரமில்லை. இத்தனை வருடத்தில் நான் எழுதிய சாஃப்ட்வேரில் இருந்த ஓட்டையை இவ்வளவு வேகமாக, இவ்வளவு மரியாதையாக யாரும் அடைத்ததில்லை. அந்த லோடு வண்டிக்காரருக்கு நன்றி சொல்ல போன் செய்தால், "எதுக்கு?" என்று உண்மையாகவே கேட்டார்.

மதியம் அக்கா சோர்வாக, ஆனால் மூச்சு சீராகி வெளியே வந்தார். வேனில் ஏறுவதற்குள் மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும் என்று ஓடினேன். முதல் வரிசை, காலிக் கட்டம், நகர்ந்துபோன பத்தி, பெயரைச் சொல்லிக் கூப்பிடும் புது ஏற்பாடு என்று ஒன்று விடாமல் விளக்கினேன். தப்பு முழுக்க என்னுடையது, இனிஷியலை எழுதாதது அவர் தப்பே இல்லை என்றும் சொன்னேன். படியில் ஒரு காலை வைத்தபடி பொறுமையாகக் கேட்டார்.

"புதன்கிழமை வண்டி எத்தன மணிக்கு வரும், அதச் சொல்லு தம்பி."