பனிமலைக்கு நடுவே வடாம்

சீமைக்குப் போனவன் அதோடு திரும்பியிருக்கலாம். ஆசை யாரை விட்டது? நார்வேக் கரையோரம் போகும் உல்லாசக் கப்பலில் மனைவியோடு ஏறினேன்.

இரு பக்கமும் பனிமலை. வெள்ளைக்காரர்கள் கம்பியைப் பிடித்துக்கொண்டு வாய் பிளந்து நின்றார்கள். நான் மட்டும் மேல்தளத்தில் கறுப்புக் குடையோடு, மலைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தேன். எதிரே என் எட்டு முழ வேஷ்டி. அதன்மேல் வடாம்.

மயிலாப்பூரிலிருந்து அவள் டின்னில் கொண்டுவந்த வடாம் கடல் காற்றில் நமுத்துப்போயிருந்தது. இங்கே கோடையில் சூரியன் மறையவே மறையாது என்று அவளிடம் பெருமையடித்தவன் நான்தான்.

"இவ்வளவு வெயிலை யாராவது வீணாக்குவாளா? காக்கா வந்தா குடையை ஆட்டுங்கோ" என்று உட்கார வைத்துவிட்டாள்.

காக்கா வரவில்லை. வாத்து அளவுக்கு வெள்ளைப் பறவைகள் வந்தன. குடையை ஆட்டினேன். ஒன்று குடைமேலேயே உட்கார்ந்துகொண்டது. பின்னால் கைதட்டல். மலையைப் பார்க்க வந்தவர்கள் எல்லோரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஊர் திரும்பியதும் மாட வீதியில் ஒருவர் பாக்கியில்லாமல் பனிமலை எப்படி இருந்தது என்று கேட்டார்கள். எனக்கு எப்படித் தெரியும்? அவள்தான் பதில் சொன்னாள்.

"என்ன பெரிய ஊர்? நாள் முழுக்க வெயில் அடிக்கறது, ஒரு வடாம் காயலை."