இரண்டு மதிப்பெண்ணுக்கான மண்

விடைத்தாளில் கையெழுத்துப் போட மாட்டேன் என்று நான் சொன்னபோது எனக்குப் பதினான்கு வயது. கேட்கப்பட்டது பெரிய விஷயமில்லை. 'மதிப்பெண்களைச் சரிபார்த்தேன், ஏற்கிறேன்' என்று ஒரு வரி. அதற்குக் கீழே ஒரு கையெழுத்து. வகுப்பில் நாற்பத்திரண்டு பேர். நாற்பத்தொரு பேர் கூட்டிக்கூடப் பார்க்காமல் போட்டுவிட்டார்கள். நான் பேனாவை மூடி பாக்ஸுக்குள் வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அது வழக்கமான வகுப்புத் தேர்வு இல்லை. தாம்பரம் சுற்றுவட்டாரப் பள்ளிகளில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் புவி அறிவியல் எவ்வளவு தெரியும் என்று பார்ப்பதற்காக ஓர் அமைப்பு நடத்திய திறனறித் தேர்வு. கேள்வித்தாளும் விடைக்குறிப்பும் அவர்களிடமிருந்து சீல் வைத்த கவரில் வரும். திருத்துவது எங்கள் சமூக அறிவியல் சார். பள்ளிக்கு இரண்டு பேர் அடுத்த சுற்றுக்குப் போகலாம். அந்த இரண்டு பேரில் நான் ஒருத்தி என்று எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. பூமியின் அடுக்குகள், பாறை வகைகள், நிலநடுக்க அலைகள், ஓதங்கள் எல்லாவற்றையும் இரும்புலியூரில் அத்தாவின் கடையில் உட்கார்ந்தே படித்து முடித்திருந்தேன். அத்தா என்றால் என் அப்பா, பைக்குகளுக்கு சீட் கவர் தைப்பவர். தையல் மெஷின் ஓடுகிற சத்தத்துக்கு மேலே கேட்க வேண்டும் என்பதற்காக நான் கத்திப் படிப்பேன். வண்டியை விட்டுவிட்டுக் காத்திருக்கும் வாடிக்கையாளர்களுக்கு எல்லாம் அந்த வருடம் எரிமலை எப்படி வெடிக்கிறது என்று தெரிந்துவிட்டது.

முப்பத்தொன்றாவது கேள்விதான் வம்பு. 'உன் வீடு அமைந்துள்ள இடத்தின் மண் வகை யாது? அது அங்கே எவ்வாறு உண்டானது?' இரண்டு மதிப்பெண். வகுப்பில் எல்லோரும் செம்மண் என்று எழுதினார்கள். பாறைகள் சிதைந்து உண்டானது என்று அடுத்த வரி. விடைக்குறிப்பிலும் அதுதான் இருந்தது.

நான் எழுதியது வேறு. கேம்ப் ரோட்டிலிருந்து உள்ளே போனால் சேலையூரில் எங்கள் வீடு. அந்தக் கோடை விடுமுறையில் பக்கத்து மனையில் வீடு கட்டுவதற்காகக் கை போர் போட்டார்கள். நான்கு பேர் இரும்புக் குழாயைக் கட்டிப்பிடித்துச் சுற்றிச் சுற்றி இறக்குவார்கள். பிறகு மேலே இழுத்து, உள்ளே மாட்டிய மண்ணைத் தட்டிக் கொட்டுவார்கள். காலையிலிருந்து சாயங்காலம் வரை சுவரோரமாக நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் மூன்றடிக்கு எங்கள் தெருவின் செம்மண்தான் வந்தது. அடுத்துக் குழாய் இறங்கியபோது வந்தது கன்னங்கரேலென்று ஒரு களி. பிசுபிசுவென்று, அழுகிய இலையின் வாடையோடு. அதற்குள் வெள்ளை வெள்ளையாக ஏதோ மின்னியது. எடுத்துக் கழுவினால் நத்தை ஓடுகள். சுண்டு விரல் நகத்தளவுதான் இருக்கும்.

"இன்னாமா பொறுக்கற?" என்று குழாய் சுற்றிய அண்ணன் கேட்டார்.

"நத்தைண்ணா. இது எப்படி இவ்ளோ கீழ போச்சு?"

"அது எங்கயும் போவல. அது அங்கதான் கீது. நீங்கதான் மேல வந்துட்டீங்க. இது ஏரிக் களிம்மா. மேல கீற செவப்பு மண்ணு லாரில வந்தது."

அந்தப் பதிலை நான் மனப்பாடம் செய்யவில்லை. செய்யத் தேவையும் இல்லை, கையில் ஓடுகள் இருந்தன. ஆகவே விடைத்தாளில் இப்படி எழுதினேன்: 'ஏரிக் களிமண். ஏரியில் நீரோடு வந்து படிந்தது. மேலே உள்ள செம்மண் லாரியில் வந்தது.' லாரி என்ற சொல்லுக்குக் கீழே மட்டும் சார் சிவப்பு மையால் இரண்டு கோடு போட்டிருந்தார். பக்கத்தில் முட்டை.

ஐம்பதுக்கு நாற்பத்துமூன்று. இரண்டாம் இடத்தில் வந்தவளுக்கு நாற்பத்துநான்கு.

சார் ஜூன் மாதம்தான் எங்கள் பள்ளியில் சேர்ந்திருந்தார். நல்லவர். ஆனால் கோபம் வந்தால் எப்படிக் காட்டுவது என்று அவருக்கு அப்போது தெரியாது. சாக்பீஸை இரண்டாக ஒடிப்பார்.

"கையெழுத்துப் போடு."

"போட மாட்டேன் சார். நான் எழுதுனது சரி."

"கீயில என்ன இருக்கோ அதுக்குத்தான் மார்க். நானே நெனச்சாலும் மாத்த முடியாது."

"அப்போ கீ தப்பு சார்."

வகுப்பு சிரித்தது. சாக்பீஸ் ஒடிந்தது. "கீ எழுதுனவங்க எல்லாம் உன் அளவுக்குப் படிக்கலையா?"

"அவங்க எங்க வீட்டுக்கு வந்து பாக்கல சார்" என்றேன்.

இப்போது நினைத்தால் அதில் திமிர் இருந்தது உண்மைதான். அப்போது எனக்கு அது வெறும் தகவலாகத்தான் பட்டது. கேள்வி என் வீட்டைப் பற்றியது. என் வீட்டைப் பற்றி எனக்குத் தெரியுமா, சீல் வைத்த கவருக்குத் தெரியுமா? சார் தாளை என் முன்னால் தள்ளினார். நான் பேனாவைத் திறந்தேன். 'ஏற்கிறேன்' என்று அச்சடித்திருந்ததோடு 'இல்லை' என்று சேர்த்தால் சரியாக வராதே என்று யோசித்து, அதை அடித்துவிட்டு மேலே 'ஏற்கவில்லை' என்று எழுதி, கீழே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அச்சடித்த படிவத்தில் அடித்து எழுதியதற்காக மறுநாள் அத்தாவை அழைத்து வரச் சொன்னார்கள்.

அத்தா கடையைப் பூட்டிவிட்டு வந்தார். சட்டையெல்லாம் நூல் துணுக்கு. ஹெச்.எம். மேடம் அறையில் மேடம், சார், நான், அத்தா. சுவரோர மேசையில் கோப்புகளோடு ஆபீஸ் சார். ஆபீஸ் சார் என்றால் பள்ளி அலுவலகத்தின் மேலாளர். எனக்கு அவர் புதியவர் இல்லை. அந்த மாதம் இரண்டு ஞாயிற்றுக்கிழமை மனைவியோடு எங்கள் வீட்டுக்கு வந்து டீ குடித்துவிட்டுப் போயிருந்தார். என் படிப்பைப் பற்றிப் பேச வருகிறார் என்று நானே முடிவு செய்துகொண்டேன். படிப்பைப் பற்றிப் பேச வந்தவர் ஏன் பாத்ரூம் குழாயைத் திறந்து பார்த்தார், சுவரை ஏன் விரலால் தட்டினார் என்று எனக்குத் தோன்றவில்லை.

நான் ஜாமெட்ரி பாக்ஸைத் திறந்து பதினோரு நத்தை ஓடுகளையும் மேடத்தின் மேசைமேல் வரிசையாக வைத்தேன்.

சார் ஒன்றைக் கையிலெடுத்துப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். அவர் மனம் மாறுவது எனக்குத் தெரிந்தது. ஆனாலும் மேடம் முன்னால் விட்டுக்கொடுக்க முடியவில்லை போலும்.

"மேடம், இந்த ஓடு ஏரியில இருக்கறதுதான். நான் இல்லன்னு சொல்லல. ஆனா இவ சொல்றத ஒத்துக்கிட்டா இவங்க வீடே ஏரிக்குள்ள இருக்குன்னு அர்த்தம்." அத்தா பக்கம் திரும்பினார். "சொல்லுங்க பாய், உங்க வீடு ஏரிக்குள்ளயா இருக்கு? பொண்ணு சும்மா சொல்லுதுன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டீங்கன்னா முடிஞ்சுது. நானும் இத விட்டுடறேன்."

ஆபீஸ் சார் கோப்பிலிருந்து தலையைத் தூக்கினார்.

அத்தா உடனே பேசவில்லை. அது எனக்கு எரிச்சலாக இருந்தது. வருடா வருடம் மழைக்கு ஃப்ரிட்ஜை மேசைமேல் ஏற்றுகிறவர் அவர். போன கார்த்திகையில் என்னை முதுகில் சுமந்துகொண்டு கேம்ப் ரோடு வரை தண்ணீரில் நடந்தவர் அவர். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? அவர் ஆபீஸ் சாரை ஒருமுறை பார்த்தார். பிறகு மேசைமேல் இருந்த ஓடுகளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் முறைத்துக்கொண்டு நின்றேன். நீங்களும் 'ஏற்கிறேன்' என்று போட்டுவிடுவீர்களா என்றுதான் அந்த முறைப்புக்கு அர்த்தம்.

"ஏரிதான் சார்" என்றார் அத்தா. குரல் எப்போதும்போலத்தான் இருந்தது. "நான் மனை வாங்கறப்பவே மேல செம்மண் அடிச்சு வெச்சிருந்தாங்க. எனக்கு அப்ப தெரியல. முதல் மழையில தெரிஞ்சுபோச்சு. பெரிய மழைன்னா ஹால்ல முழங்காலுக்கு மேல தண்ணி நிக்கும். எம்பொண்ணு எழுதுனது கரெக்ட்டு."

ஆபீஸ் சார் கோப்பை மூடிவிட்டு, ஏதோ வேலை நினைவுக்கு வந்தவர்போல எழுந்து வெளியே போனார். மேடம் சாரிடம் கையை நீட்டினார். சார் சிவப்புப் பேனாவைக் கொடுக்கப் போய், கொடுக்காமல், தாளைத் தானே தன் பக்கம் இழுத்து முட்டையை அடித்து இரண்டு என்று போட்டார். ஓரத்தில் சின்னதாகக் கையெழுத்திட்டார். "அமைப்புக்கு நான் லெட்டர் எழுதறேன் மேடம். கீ எல்லா எடத்துக்கும் பொருந்தலன்னு" என்றார். என்னிடம் ஒரு நத்தை ஓட்டைக் காட்டி, "இத நான் வெச்சுக்கவா?" என்று கேட்டார். கொடுத்தேன். அதற்குப் பிறகு அவர் என் முன்னால் சாக்பீஸ் ஒடித்ததில்லை.

அடுத்த சுற்றுக்குப் போனேன். பன்னிரண்டாம் இடம் வந்தேன். அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

சொல்ல வேண்டியது நாங்கள் வீடு திரும்பியதைப் பற்றி. ஸ்கூட்டரில் அத்தாவுக்குப் பின்னால் உட்கார்ந்து நான் ஓயாமல் பேசிக்கொண்டே வந்தேன். சார் முகம் போன போக்கைப் பார்த்தீர்களா அத்தா, மேடம் எப்படிக் கையை நீட்டினார்கள் பார்த்தீர்களா என்று. சிக்னலில் பச்சை விழுந்தும் அத்தா வண்டியை எடுக்கவில்லை. பின்னால் ஹாரன் அடித்துத் தீர்த்தார்கள். ஒரு ஆட்டோ அண்ணன் எட்டிப் பார்த்து, "இன்னா பாய், தூங்கிட்டியா?" என்றார். வண்டி நின்றுவிட்டதோ என்று நான் குனிந்து பார்த்தேன். இன்ஜின் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

அடுத்த ஞாயிறு ஆபீஸ் சார் டீ குடிக்க வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. நிம்மதியாக டிவி பார்த்தேன்.

எங்கள் வீட்டை ஆபீஸ் சாருக்கு விற்பதாக எல்லாம் பேசி முடித்திருந்தார்கள் என்பதும், மாடம்பாக்கத்தில் மேட்டுப் பகுதியில் இரண்டாவது மாடி வீடு ஒன்றை அம்மா பார்த்து வைத்திருந்தார் என்பதும் எனக்குப் பல வருடம் கழித்துத்தான் தெரியும். அந்தக் கோடையில் அத்தா ஹால் சுவரில் இடுப்பளவுக்குப் புது பெயின்ட் அடித்ததைப் பெருநாளுக்காக என்று நினைத்திருந்தேன். தண்ணீர்க் கறையை மறைக்கத்தான் அடித்திருக்கிறார். இதை அம்மா சொன்னபோது அத்தா பக்கத்தில்தான் இருந்தார். "விடு, அந்தாளும் புள்ளகுட்டிக்காரன். தண்ணிக்குள்ள போய் உக்காந்திருப்பான்" என்று மட்டும் சொன்னார். நாங்கள் இன்னும் நான்கு மழைக்காலம் அங்கேயே இருந்தோம். நான்கு முறையும் ஃப்ரிட்ஜ் மேசைமேல் ஏறி இறங்கியது.

தெரிந்திருந்தால் கையெழுத்துப் போட்டிருப்பாயா என்று என் கணவர் ஒருமுறை கேட்டார். போட்டிருக்க மாட்டேன். அந்தக் கேள்வி இன்று வந்தாலும் அதே மூன்று வரிதான் எழுதுவேன், லாரி உட்பட. ஆனால் அறைக்குள் நுழைவதற்கு முன் அத்தாவின் சட்டையில் இருந்த நூலையாவது தட்டிவிட்டிருப்பேன்.

பள்ளியிலிருந்து திரும்பிய அன்று சாயங்காலம், அத்தா கடைக்குத் திரும்பிப் போன பிறகு, அம்மா சமையலறையில் எனக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு அழுதார். சத்தமில்லாமல், தோள் மட்டும் குலுங்க. மகள் ஜெயித்துவிட்டாள் என்று தாங்க முடியாமல் அழுகிறார் என்று நினைத்தேன். எனக்குப் பெருமையாகவும் கொஞ்சம் கூச்சமாகவும் இருந்தது. கிட்டே போய் அவர் இடுப்பைக் கட்டிக்கொண்டேன்.

"ரெண்டே ரெண்டு மார்க்கும்மா. அதுக்குப் போய் யாராவது இப்படி அழுவாங்களா?" என்றேன்.

அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார். என் ஆறுதல் வேலை செய்துவிட்டது என்ற திருப்தியோடு நான் விளையாடப் போனேன்.